டார்வின் மாமா வீட்டுக் கறையான்

டார்வினுக்குப் போன எங்கள் பெட்டியில் முருங்கைக்காய் இருந்தது. சுவிஸில் நாங்கள் இருந்த டீட்டிகோன் ஊர்த் தமிழ்க்கடைக்குக் கொழும்பிலிருந்து விமானத்தில் வந்து இறங்கும் முருங்கைக்காய் அது. அதை வாங்கினால் அன்று வீட்டில் விருந்து என்று அர்த்தம். அம்மா அதை ஈரத்துணியில் சுற்றி, மேலே பத்திரிகைத் தாளால் இன்னொரு சுற்றுச் சுற்றி, கறிவேப்பிலையையும் வறுத்த மிளகாய்த்தூளையும் பக்கத்தில் அடுக்கினார். மாமா இருக்கும் ஊரைப் பற்றி அவர் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார். கண்ணுக்கெட்டிய மட்டும் சிவப்பு மண். நடுவில் ஒரு மரம், அதுவும் பட்ட மரம்.

"பாவம் பெடியன். பச்சையிலை கண்டு எவ்வளவு காலமோ" என்றார்.

அந்தப் பெடியனுக்கு அப்போது முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அம்மாவுக்கு உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே உடன்பிறப்பு அவர்தான். அம்மா சுவிஸுக்கு வந்தபோது மாமா பள்ளிக்கூடத்துப் பையன். பிறகு போர், இடப்பெயர்வு, முகாம் என்று அலைந்து, படகேறி, ஆஸ்திரேலியாவின் வடக்கு முனையில் போய் இறங்கி, அங்கேயே வேலையும் வதிவிட அனுமதியும் பெற்றுக்கொண்டார். வெகுதூரத்தில் தனித்துக் கிடக்கும் சிற்றூர்களுக்கு லொறியில் சாமான் கொண்டுபோகும் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஸ்கைப்பில் வருவார். அவர் முகத்துக்குப் பின்னால் ஒரு படிக்கட்டும் உடுப்புக்கொடியும் தெரியும். அதற்கப்பால் எல்லாம் வெள்ளை வெயில்தான்.

அம்மா கதைத்து முடிக்கும்போது ஒவ்வொரு தடவையும் "வேறை என்ன தம்பி?" என்று கேட்பார். "வேறை ஒண்டுமில்லை அக்கா" என்று மாமா சொல்வார். அத்தோடு கணினியை மூடிவிட்டு அம்மா சமைக்கப் போவார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கோடை விடுமுறை தொடங்கியிருந்தது. அப்பா வேலைசெய்த களஞ்சியத்தில் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அவ்வளவு நேரம் விமானத்தில் இருக்க அவருக்குப் பொறுமை கிடையாது. ஆகவே அம்மாவும் நானும் மட்டும் போவதென்று முடிவாயிற்று. போவதன் நோக்கத்தை டீட்டிகோனில் எல்லோரும் அறிவார்கள். மாமாவுக்குக் கலியாணம் பேசி முடிப்பது. சோலோதுர்ன் ஊரில் ஒரு தமிழ்க் குடும்பம் தங்கள் மகளின் படத்தை அம்மாவிடம் ஒப்படைத்திருந்தது.

அந்தக் கலியாணத்தில் அம்மாவுக்கும் ஒரு பங்கு இருந்தது. எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளையின் சகோதரிதான் மணப்பெண்ணுக்குத் தோழி. பெண்ணுக்குக் கூறைச்சேலை உடுத்திவிடுவதும், தாலி கட்டும்போது பின்னால் விளக்குப் பிடித்து நிற்பதும் அவளுடைய உரிமை. அம்மாவின் சொந்தக் கலியாணம் சூரிச்சில் ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. இரண்டு பக்கத்திலும் உறவென்று ஒருவர் இல்லை. வேலைத்தலத்துச் சிநேகிதி ஒருத்தி தோழியாக நின்றாள். அதனால்தானோ என்னவோ, "தம்பியின்ரை கலியாணத்துக்கு நான்தான் விளக்குப் பிடிப்பன்" என்று அம்மா அடிக்கடி சொல்வார். மாமாவும் சின்ன வயதிலேயே அதற்கு வாக்குக் கொடுத்திருந்தாராம்.

எனக்கு இவை எதிலும் அக்கறை இருக்கவில்லை. என் மனத்தை அரித்தது வேறொன்று. புறப்படுவதற்கு முதல் வாரம் அம்மா ஒரு மஞ்சள் சட்டை வாங்கிவந்தார். கழுத்தில் வெள்ளைப் பூவேலை, இடுப்பில் பட்டி, சுற்றினால் குடைபோல விரியும் பாவாடைப் பகுதி. எனக்கென்றுதான் நினைத்தேன். எடுத்து உடம்போடு வைத்துப் பார்த்தால் முழங்காலுக்கு மேல் எங்கேயோ நின்றது.

"அம்மா, இது எனக்குச் சின்னன்."

"உனக்கெண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டு, அதை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தார்.

அம்மா ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். மூட்டை மூட்டையாக வரும் உடுப்புகளில் எதை எடுத்தாலும், பெயர் பார்க்காமலே, எந்த அறைக்காரருடையது என்று சொல்லுவார். அப்படிப்பட்டவர் சொந்த மகளின் அளவில் பிழைவிட்டு, அதை ஒத்துக்கொள்ளவும் மாட்டேன் என்கிறார் என்று நான் முடிவுகட்டினேன். ரோஷத்தில் அன்று இரவு சாப்பிடவில்லை. அம்மாவும் கெஞ்சவில்லை.

டார்வின் விமான நிலையத்தில் ஒரு நாய் எங்கள் பெட்டியின் முன்னால் வந்து உட்கார்ந்தது. நீண்ட காதும் சோகமான கண்ணுமாக அழகான நாய். தடவக் கையை நீட்டினேன். நாயோடு வந்த அதிகாரி பெண் சிரித்தபடியே பெட்டியைத் திறக்கச் சொன்னார். அந்த நாட்டுக்குள் வெளியிலிருந்து காயோ இலையோ கொண்டுபோகக் கூடாதென்பது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. முருங்கைக்காய்களைக் கையுறைக் கையால் ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டார். கறிவேப்பிலையும் போயிற்று. பிறகு அடியிலிருந்து ஒரு சிவப்புக் கூறைச்சேலை வந்தது, அதற்கடியில் அந்த மஞ்சள் சட்டை. அதிகாரி அதை விரித்துப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார், மறுபடி சட்டையைப் பார்த்தார். அவருக்குக்கூட அளவு விளங்கிவிட்டது. கூறை எதற்கென்று நான் அம்மாவைக் கேட்டேன். "கோயிலுக்கு" என்றார். அவருடைய கண் வாளியில் கிடந்த முருங்கைக்காயிலேயே இருந்தது.

வெளியே மாமா நின்றார். கணினித் திரையில் பார்த்ததைவிடக் கட்டை. வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தார். அம்மாவைக் கண்டதும் ஓடிவந்தவர், கிட்ட வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியைத்தான் முதலில் பிடித்தார். அம்மா அவருடைய தலையில் கையை வைத்து, முடியைக் கோதி, "நரைச்சுப்போச்சு" என்றார். இரண்டு பேரும் அழுதார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் பனைமரம் மாதிரி ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜீப்பில் ஏறியதும் மாமா சொன்னார்.

"அக்கா, ஒரு சின்னப் பிரச்சினை. வீட்டிலை கறையான். மருந்தடிச்சிருக்கு. கொஞ்ச நாளைக்கு உள்ளுக்கு நிக்கேலாது. அதுக்கென்ன, நான் லீவு போட்டிருக்கிறன். நாட்டைச் சுத்திக் காட்டிறன். மருமோள், முதலை பாப்பமோ?"

"ஓம்!" என்று கத்தினேன்.

அப்படியே விமான நிலைய வாசலிலிருந்து நேரே தெற்கே விட்டார். டார்வின் நகரத்தை நான் கண்டது, ஒரு வட்டச்சந்தியைச் சுற்றிய நேரம் மட்டும்தான். இடப்பக்கம் ஒரு கீற்றுக் கடல் தெரிந்தது. அதன் பிறகு காடு, வெட்டவெளி, மறுபடி காடு. ரயில் வண்டி தெருவில் இறங்கி ஓடுவதுபோலப் பெட்டி கோத்த லொறிகள் எதிரே வரும். அவை கடந்து போகும்போது எங்கள் ஜீப் ஒரு பக்கமாகச் சாயும். தெருவோரம் புல் எரிந்துகொண்டிருக்கும். அதை அணைக்க ஒருவரும் வரமாட்டார்கள். அங்கே அது வழக்கமாம். தீக்கு மேலே பருந்துகள் வட்டமிட்டு, தப்பியோடும் பூச்சிகளைப் பிடித்துத் தின்றன. எங்கள் டீட்டிகோனில் குப்பையைத் தவறான நாளில் வெளியே வைத்தாலே பக்கத்து வீட்டுக்காரி வந்து மணியடிப்பார். காடு எரிவதைப் பார்த்துக்கொண்டு மனிதர்கள் தேநீர் குடிக்கும் நாடு எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

முதல் நாளே கறையான் புற்றுகளைக் காட்டினார். மாமாவின் தலைக்கு மேலே இன்னொரு மாமா நின்றாலும் எட்டாத உயரம். நான் அண்ணாந்து பார்த்து, இவ்வளவு பெரிய புற்றுக் கட்டுகிற கறையான் புகுந்தால் வீடு இந்நேரம் மண்ணோடு மண்ணாகப் போயிருக்குமே என்று கவலைப்பட்டேன். அதை வாய்விட்டும் சொன்னேன். "ஓம், சரியான கஷ்டம்" என்று மாமா புற்றைப் பார்த்தபடி சொன்னார்.

அம்மா புற்றைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் ஒரு மரநிழலில் நிறுத்தி, ஐஸ் பெட்டியைத் திறந்தார் மாமா. ஓலைக்குள் பொதிந்த மீன். புளியும் மிளகாயும் ஊறி, சுட்ட மணத்தோடு இருந்தது. ஒவ்வொரு பொதியும் ஓலையாலேயே ஒரு சின்ன முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டிருந்தது. அம்மா முடிச்சை அறுக்காமல் மெதுவாக அவிழ்த்தார்.

"ஆர் சமைச்சது?"

"கடையிலை வாங்கினது அக்கா."

"நல்ல கடை" என்றார் அம்மா. ஒரு முள்ளும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

இப்படியே நாட்கள் போயின. முதலை பார்த்தோம். படகிலிருந்து கம்பில் இறைச்சியைத் தொங்கவிட்டால் அது தண்ணீரைவிட்டு முழு உடம்போடும் எழும்பியது. நான் கத்திய கத்தலில் மாமாவின் தொப்பி ஆற்றில் விழுந்தது. பாறை ஓவியங்கள் பார்த்தோம். அருவியில் குளித்தோம். தகரக் கொட்டகை விடுதிகளில் தங்கினோம். பொழுதுபட்டதும் மாமா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடிப் போவார். ஒரு மேட்டில் நின்று, எனக்கு விளங்காத ஏதோவொரு மொழியில், இதுவரை நான் கேட்டிராத மென்மையான குரலில் கதைப்பார். "வேலையிடம்" என்பார் திரும்பி வந்து. வேலையிடத்தோடு இவ்வளவு பட்சமாகக் கதைக்கிற ஒருவரை அதுவரை நான் கண்டதில்லை. என் அப்பா வேலையிடத்தோடு கதைத்துவிட்டு வந்தால் கதவைத்தான் அறைவார்.

ஒருநாள் பின் இருக்கைக்கு அடியில் என் கை ஒரு சின்னஞ்சிறு செருப்பில் பட்டது. இளஞ்சிவப்பு நிறம், பக்கத்தில் கொளுவி, ஒற்றைக் கால் மட்டும். தூக்கிக் காட்டினேன். அம்மா வெளியே நின்றார். மாமா அதைக் கண்ணாடியில் கண்டுவிட்டார். திரும்பி, உதட்டில் விரலை வைத்தார்.

"மருமோள், இது எங்கட ரகசியம். அம்மாவுக்குச் சொல்லாதை. சரியோ?"

ரகசியம் என்றால் எனக்கு ஐஸ்கிரீமைவிடப் பிடிக்கும். செருப்பை என் துணிப்பையின் அடியில் ஒளித்தேன். ஐஸ்கிரீமும் வாங்கித் தந்தார்.

அடுத்த பெற்றோல் நிலையத்தில், சாமான் லொறியோடு அடிக்கடி வருகிறவர் என்பதால் மாமாவை நன்கு தெரிந்திருந்த கடைக்காரப் பெண் தேநீரை வைத்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார். இந்தமுறை வீட்டு ஆட்கள் இரண்டு பேரையும் கூட்டிவரவில்லையா, சின்னவளுக்கு இனிப்பு எடுத்து வைத்திருக்கிறேனே என்று. பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தில் எனக்கு அது விளங்கியது. வீட்டு ஆட்கள் இரண்டு பேரும் நாங்கள்தானே, இங்கேதானே நிற்கிறோம், இவருக்குக் கண் தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன். மாமாவுக்குத் தேநீர் புரைக்கேறியது. அம்மா அஞ்சலட்டைகளை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இனிப்பை நான் வாங்கித் தின்றுவிட்டேன்.

அம்மா இடைக்கிடை சோலோதுர்ன் பெண்ணின் படத்தை எடுப்பார். அதுவும் மாமா வண்டி ஓட்டும்போதுதான்.

"நல்ல வடிவான பிள்ளை. பாரன்."

"ஓம் அக்கா, வடிவு." ஜீப் தெருவைவிட்டு இறங்கி ஏறும்.

"சமையலும் தெரியுமாம். என்ன சொல்லுறாய்?"

"அங்கை பாருங்கோ, கங்காரு!" என்பார் மாமா. நான் எட்டிப் பார்ப்பேன். கங்காரு இருக்காது.

"வேறை என்ன தம்பி?" என்று அம்மா கேட்பார். மாமா வெப்பநிலையைப் பற்றியோ மாம்பழப் பருவத்தைப் பற்றியோ சொல்லுவார். அம்மா ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு வெளியே பார்ப்பார். அவருக்கு இந்த நாடு அலுத்துவிட்டது, முருங்கைக்காய் போன கவலை இன்னும் ஆறவில்லை என்றுதான் நான் நினைத்தேன். எனக்கோ உலகத்திலேயே சிறந்த மாமா கிடைத்திருந்தார்.

திரும்பிப் போக மூன்று நான்கு நாட்களே இருந்தபோது, வெகு தெற்கே, பனைகளுக்கு நடுவில் வெந்நீர் ஊற்றெடுக்கும் ஓரிடத்துக்கு வந்து சேர்ந்தோம். காலையில் குளித்து ஏறினால் மாற்றிக்கொள்ள உடுப்பில்லை. எல்லாம் சிவப்புப் புழுதி, அல்லது ஈரம். நான் துவாயோடு நடுங்கிக்கொண்டு நின்றேன்.

"அந்த மஞ்சள் சட்டையைத் தாங்கோ."

"அது உனக்கு வராது."

"வரும்!"

அம்மா பெட்டியைத் திறந்து கொடுத்துவிட்டார். இப்போது நினைக்கிறேன், அவருக்கும் பொறுமை முடிந்திருக்க வேண்டும். சட்டைக்குள் தலையை நுழைத்தேன். தோளில் இறுகியது. கை மேலே தூக்கியபடி நின்றுவிட்டது. ஏற்றவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. மஞ்சள் துணிக்குள் இருந்து மாமா சிரிப்பது கேட்டது. பக்கத்து வண்டிக்கார வெள்ளைக்காரக் கிழவரும் சிரித்தார். அம்மா இழுத்துக் கழற்றியபோது எனக்கு அவமானத்தில் அழுகை பொங்கியது. அந்த ஆத்திரத்தில் துணிப்பையைக் கவிழ்த்து, செருப்பை எடுத்து, சட்டைக்குப் பக்கத்தில் எறிந்தேன்.

"இந்தச் செருப்புக்காரிக்குத்தான் இது அளவு! எனக்கில்லை!"

மாமாவின் சிரிப்பு நின்றது.

அம்மா குனிந்து செருப்பை எடுத்தார். பெருவிரலால் அதன் புழுதியைத் துடைத்தார். சட்டையை மேசையில் விரித்து, அதன் கீழ்க்கரைக்கு நேரே செருப்பை வைத்து, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அளவு சரியாத்தான் எடுத்திருக்கிறன் போலை" என்றார்.

மாமா அப்படியே மண்ணில் குந்திவிட்டார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா" என்றார். ரகசியத்தை உடைத்ததற்கு எனக்கு அடி விழப்போகிறதென்று நான் ஜீப்புக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"எழும்பு. பிள்ளைக்கு முன்னாலை அழாதை. வீட்டை போவம்."

"வீட்டிலை கறையான் அக்கா..." என்று மாமா பழக்கதோஷத்தில் தொடங்கினார்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, அந்தப் பயணத்தில் முதல்முறையாகச் சிரித்தார். மாமாவும் சிரித்தார், அழுதுகொண்டே. பெரியவர்களுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்து, நான் இன்னும் பலமாக அழுதேன்.

அன்று முழுவதும் வடக்கே ஓடினோம். மாமா கதைத்துக்கொண்டே வந்தார். நாட்கணக்காக வாயில் அடைத்து வைத்திருந்தது எல்லாம் கொட்டியது. தன் மனைவி திமோர்த் தீவிலிருந்து வந்தவள் என்றும், முதல் புருஷன் இறந்துவிட்டானென்றும், தான் சந்தித்தபோதே பிள்ளை நடக்கத் தொடங்கியிருந்தாளென்றும், இரண்டு சாட்சிகளோடு கையெழுத்து வைத்தோமென்றும். "உங்களுக்குச் சொல்லாமல் செய்துபோட்டன். விளக்குப் பிடிக்கிறன் எண்டு காத்துக்கொண்டிருந்தனீங்கள். எந்த வாயாலை சொல்லுறது?" அம்மா வெளியே பார்த்தபடி, "பிள்ளைக்கு வயசென்ன? சாப்பிடுவாளோ?" என்று மட்டும் கேட்டார். நான் பின் இருக்கையில் பாதி நித்திரையில் இருந்தேன். எனக்குக் கிடைக்கவேண்டிய சட்டையைப் பற்றி யாரும் கதைக்கவில்லை என்பது மட்டும் விளங்கியது.

டார்வினுக்கு வரும்போது சூரியன் கடலில் இறங்கிக்கொண்டிருந்தது. கடற்கரை நெடுகப் பாய் விரித்து, பிள்ளை குட்டிகளோடு சனம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. சூரியன் போனதும் கைதட்டினார்கள். மாமாவின் வீடு தூண்களின் மேல் நின்றது. ஒரு பலகைகூட இத்துப்போகவில்லை. வாசலில் மா, பின்னால் பலா, வேலிக்கரை முழுக்கக் கறிவேப்பிலை. படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு முருங்கை மரம், இலைகளை விடக் காய்கள் அதிகமாக, நிலத்தைத் தொடுகிற அளவுக்குத் தொங்கிக்கொண்டு நின்றது. பறிக்க ஆளில்லாமல் முற்றி, வெடித்து, கீழேயும் கிடந்தன. அம்மா அந்த மரத்தின் முன்னால் சற்று நேரம் நின்றார். "சுவிஸிலையிருந்து கொண்டுவந்தனான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

படிக்கட்டின் மேல் ஒரு பெண் நின்றாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை எப்போதோ காய்ந்திருக்கும். இறங்கிவரத் துணியவில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு சின்ன முகம். அம்மா பெட்டியை மாமாவிடம் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு ஏறினார். மேலே போனதும் அவருக்கும் பதற்றம் வந்துவிட்டது போலும். தெரிந்த கொஞ்ச ஆங்கிலமும் ஓடிப்போய், "க்ரூட்சி" என்று சுவிஸ் மொழியில் வணக்கம் சொன்னார். அந்தப் பெண்ணும் மிகுந்த மரியாதையோடு "க்ரூட்சி" என்று திருப்பிச் சொன்னாள். தமிழில் வணக்கம் அப்படித்தான் என்று அவள் கனகாலம் நம்பியிருந்தாளாம்.

அன்று இரவே அம்மா பெட்டியைத் திறந்தார். கூறைச்சேலை வெளியே வந்தது. மாமா தயங்கினார்.

"அக்கா, நாங்கள் எல்லாம் பதிஞ்சு..."

"அது அரசாங்கத்துக்கு. இது எனக்கு."

நூலொன்றை மஞ்சளில் தோய்த்தார். மாமியின் கழுத்துச் சங்கிலியில் இருந்த சின்னச் சிலுவையைச் சைகையால் கேட்டு வாங்கி, அந்த நூலில் கோத்தார். "எங்கடை மன்னார்க் கிறிஸ்தவச் சனமும் தாலியிலை சிலுவை வைக்கிறதுதானே" என்று மாமாவுக்கு விளக்கம் சொன்னார். சேலை உடுத்திவிட்டபோது மாமி அழ, அம்மா வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே கொசுவம் மடித்தார். குத்துவிளக்குக் கிடையாது. மாமா தாலி கட்டும்போது அம்மா ஜீப்பில் தொங்கிய பற்றரி லாம்பை எடுத்து இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு மாமிக்குப் பின்னால் நின்றார். மின்குமிழ் எல்லாம் நன்றாகத்தானே எரிகிறது, அம்மா ஏன் லாம்பு பிடிக்கிறார் என்று நான் யோசித்தேன்.

மஞ்சள் சட்டை அந்தப் பிள்ளைக்குக் கச்சிதமாக இருந்தது. காணாமல்போன செருப்பும் சோடி சேர்ந்தது. அவள் கூடத்தின் நடுவில் நின்று சுற்றினாள். பாவாடை குடைபோல விரிந்தது. பிறகு என்னிடம் வந்து ஒரு வெள்ளைப் பூவை நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை. திரும்பும் விமானத்தில்தான் அம்மாவைக் கேட்டேன், எனக்கு ஏன் ஒரு சட்டையும் வாங்கவில்லை என்று. அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, அப்படியே நித்திரையாகிவிட்டார்.

பல வருடம் கழித்து, நான் மேல்வகுப்புப் படிக்கும்போது ஒருநாள், உடுப்பு அயர்ன் செய்துகொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"ஸ்கைப்பிலை அவனுக்குப் பின்னாலை கொடி தெரியுமெல்லோ. அதிலை ஒரு சின்னச் சட்டை காய்ஞ்சுது. அடுத்த வருசம் அதைவிடக் கொஞ்சம் பெரிசு காய்ஞ்சுது. பிறகு இன்னும் பெரிசு. பிள்ளை வளருது எண்டு சந்தோசமாயிருந்தது."

"அப்ப ஏன் கேக்கேல்லை?"

"கேட்டால் இல்லையெண்டுவான். பிறகு அந்தப் பொய்யையும் அவன் தூக்கிக்கொண்டு திரியோணும். அவனே சொல்லட்டும் எண்டு இருந்தன்." அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அவ்வளவு தூரம் ஓடினான், பாவம். நானும் பின்னாலை இருந்து ஓடினன்."

இப்போது நான் சுவிஸின் மறுகோடியில், ரெனானில் இருக்கிறேன். வேலை லொசானில். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு வீடியோவில் கதைப்பேன். கைப்பேசியை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியும். வாசலில் கிடக்கும் பெரிய சப்பாத்து தெரியாது, கதவில் தொங்கும் ஆண் மேலங்கி தெரியாது. அவன் அந்த நேரத்தில் நல்ல பிள்ளையாகச் சமையலறையில் போய் நிற்பான். கதைத்து முடிக்கும்போது அம்மா கேட்பார், "வேறை என்ன பிள்ளை?" நான் சொல்வேன், "வேறை ஒண்டுமில்லை அம்மா." மாமாவைப்போலவே ஒளித்துக்கொண்டு, மாமாவை நினைத்து நான் கெட்டிக்காரத்தனமாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

போன சனிக்கிழமை அம்மா ரயிலேறி வந்தார். வருவதை முதல்நாளே அறிவித்திருந்தபடியால் சப்பாத்தும் மேலங்கியும் அவற்றின் சொந்தக்காரனும் வீட்டில் இல்லை. முருங்கைக்காய்க் கறியை மேசையில் வைத்தார். பிறகு ஒரு பையிலிருந்து கம்பளிச் சுவெற்றர் ஒன்றை எடுத்தார். கருநீலம், நல்ல தடிப்பு. விரித்துப் பிடித்தேன். கை நீளம் என் விரல்களைத் தாண்டி ஒரு சாண் தொங்கியது. தோளில் என்னைப்போல இரண்டு பேர் நுழையலாம்.

"அம்மா, இது எனக்குப் பெரிசு."

அம்மா கறிச் சட்டியின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. அவருடைய கண் ஜன்னலோரம் உடுப்புக் காயப்போடும் கம்பியில் இருந்தது. இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் என் முதுகுக்குப் பின்னால் நின்ற கம்பி அது.

"உனக்கெண்டு ஆர் சொன்னது?" என்றார்.

ஒன்பது வயதில் அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நான் கைப்பேசியை எடுத்து, அவனைச் சாப்பிட வரச்சொன்னேன்.